ஒளியண்ணல் குணப்படுத்திய காகிதம்

அறைக்குள் இருந்தால் இல்லை. தெருவுக்கு வந்தால் இருக்கிறது. தன் மோவாயில் இருந்த வெண்புள்ளி ஆடிய இந்தக் கண்ணாமூச்சி போட்டோக்காரருக்குப் பிடிபடவே இல்லை.

ஒளியால் வெண்புள்ளியைப் போக்குவதாகச் சொன்ன ஒளியண்ணலின் வாசலில் கூட்டம் முண்டியடித்தது. உள்ளே அந்த அறையில் திரை மூடிய ஜன்னல், ஒரு சிவப்பு விளக்கு, ஆளுயரக் கண்ணாடி. அழுதுகொண்டு போனவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். தெருமுனை திரும்பியதும் மறுபடி அழுவார்கள்.

"நம்பிக்கை வழியில சிந்திடுச்சு" என்பார் அண்ணல்.

நம்பிக்கை என்ன ஓட்டைக் குடத்துத் தண்ணீரா என்று ஒருவரும் கேட்கவில்லை. போட்டோக்காரரும்தான். ஊரார் பருவையெல்லாம் படத்தில் துடைத்தெடுத்த மேதை! அவருக்குக் கேள்வி கேட்க ஏது நேரம்?

ஆஸ்பத்திரியில் அவருக்குப் புற ஊதா ஒளி கொடுத்துவந்தார்கள். வெள்ளைக்குள் மிளகுத்தூள் தூவியதுபோல நிறம் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. "ஒரு உடம்புக்கு ரெண்டு ஒளி ஆகாது" என்றார் அண்ணல். இவர் ஆஸ்பத்திரியை நிறுத்தினார். வந்த மிளகும் மங்கியது. புள்ளி உதட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

பள்ளி ஆசிரியையான அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கூடவே வந்தாள். வாசலில் காத்திருந்தபோது வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனாவால் கொட்டை எழுத்தில் எதையோ எழுதி மடித்துக்கொண்டாள்.

"பாத்தியாக்கா? போயே போச்சு!" என்றார் போட்டோக்காரர், உள்ளே போனதும் கண்ணாடி முன் மோவாயைத் தூக்கி.

"பாத்தேன்டா. இதைப் படி."

விரித்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையே."

"ஐயா, நீங்க படிங்க."

"வெறும் தாள்மா" என்றார் அண்ணல்.

"அப்போ தாளுக்கும் குணமாயிடுச்சு!" என்று ஜன்னல் திரையைச் சர்ரென்று இழுத்தாள் அக்கா.

வெயில் விழுந்தது. தாளில் ‘முட்டாள்’ என்ற சொல் பளிச்சென்று தெரிந்தது. மோவாயில் புள்ளியும்.

"தாளுக்கு நம்பிக்கை பத்தல..." என்று இழுத்தார் அண்ணல். கதவருகே நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது.

போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பாதி ஆயுளைச் சிவப்பு விளக்கெரியும், படம் கழுவும் இருட்டறையில் கழித்தவர் அவர். சிவப்புப் பென்சில் கோடு அங்கே கண்ணுக்குத் தெரியாது என்பது அவருக்குப் பழம்பாடம். ஆசை வந்து முன்னால் நின்றதும் பாடம் எழுந்து வெளியே போய்விட்டது.

கூட்டத்தைப் பார்த்து அவரே சொன்னார்: "தாள்ல இருக்கிறது என் பட்டம், யாரும் பங்குக்கு வராதீங்க. தோலோட கருநிறம் நீலத்தையும் பச்சையையும் நல்லா விழுங்கும், சிவப்பை அவ்வளவா விழுங்காது. அதனால சிவப்பு வெளிச்சத்துல நிறம் இருக்கிற இடமும் இல்லாத இடமும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் தெரியும். புள்ளி போகல, மறைஞ்சிருக்கு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். யார் எந்த அதிசயத்தைக் காட்டினாலும் முதல்ல ஜன்னலைத் திறங்க. பகல்லயும் நின்னா நம்புங்க."