ஸ்டெப்னி இல்லாத வண்டி

"ஸ்டெப்னிய எங்கலே ஒளிச்சு வச்சிருக்கிய?"

புது எலெக்ட்ரிக் காரின் டிக்கிக்குள் தலையை விட்டபடியே குற்றாலிங்கம் போனில் கேட்டார். ஷோரூம் முத்துராஜ் பொறுமையாகச் சொன்னான்.

"சார், இந்த வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட்டு இருக்கு, அதுவே போதும்."

'போதும்' என்ற சொல்லை ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் எப்படி நம்புவார்? தென்காசி வீட்டிலிருந்து ஐந்தருவிக்குப் பத்து கிலோமீட்டர்தான். சாரல் பிடித்துவிட்டது, போய்க் குளிக்கவேண்டும் என்று மனைவி ஆனந்தவள்ளி ஆசைப்பட்டாள். அந்தப் பத்து கிலோமீட்டருக்கு அவர் தேர்த் திருவிழா மாதிரி பந்தோபஸ்து போட்டார். காற்றடிக்கும் பம்ப், ஜாக்கி, பஞ்சர் பசை, இழுவைக் கயிறு, சிவப்பு முக்கோணம், தார்ப்பாய், இரண்டு டார்ச். மாற்றுத் துணிப் பையை வைக்க இடமில்லாமல் ஆனந்தவள்ளி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இமயமலைக்கா போறோம்?"

"தேவைப்படும்."

அவ்வளவுதான் பேசினார். வயர்லெஸ்ஸில் பேசிப் பழகிய வாய். வீட்டிலும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையோடு சரி.

இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் மைத்துனனின் நீல அம்பாசடரை இரவல் வாங்கி அவளை இதே ஐந்தருவிக்கு அழைத்துப்போனார். வண்டி பாதியில் படுத்துவிட்டது. புதுப்பெண்ணைச் சாயங்காலம் வரை சாரலில் ரோட்டோரம் உட்கார வைத்த அவமானம் முப்பத்துநாலு வருடமாகியும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஐந்தருவிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போது திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தால் பின்பக்க டயர் அப்பளமாகக் கிடந்தது.

குற்றாலிங்கத்துக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். பந்தோபஸ்து போட்ட இடத்தில் ஒன்றுமே நடக்காவிட்டால் போலீஸ்காரனுக்குச் சப்பென்று இருக்காதா?

பசை பாட்டிலை டயரில் திருகி அழுத்தினார். பால் மாதிரி உள்ளே போன பசை, டயரின் பக்கவாட்டுக் கிழிசல் வழியே பால் மாதிரியே வெளியே வந்து வேட்டியை நனைத்தது.

"பக்கவாட்டுக் கிழிசலுக்கு இது ஒட்டாதுன்னு போட்டிருக்கே" என்று ஆனந்தவள்ளி பாட்டிலோடு வந்த காகிதத்தை வாசித்தாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாட்டி?"

"கேட்டியளா?"

அடுத்து ஜாக்கி. வண்டியின் நடு வயிற்றில் வைக்கப் போனவரை, "அங்கன பேட்டரி இருக்காம்!" என்று கத்தித் தடுத்தாள். சரியான இடம் தேடி, ஈர மண்ணில் கல்லை அண்டக் கொடுத்து, மூச்சிரைக்கத் தூக்கி நிறுத்தினார்.

"தூக்கியாச்சு!"

"சரி. இப்ப எந்த வீலை மாட்டப்போறிய?"

குற்றாலிங்கம் ஜாக்கியைத் திருப்பிச் சுற்றினார். வண்டி பழையபடி இறங்கியது.

மிச்சம் இருந்தது பம்ப். காற்று வெளியேறும் வேகத்தைவிட உள்ளே போகும் வேகம் கூடினால் மெல்ல உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். மழையில் கரண்டு விஷயம் என்று பயந்து மோட்டாரை மட்டும் அணைத்துவிட்டு, பம்பை வண்டியின் சாக்கெட்டில் செருகி ஒரு மணி நேரம் ஓடவிட்டார். எச்சரிக்கை விளக்குகள் ஒருபக்கம் கண்சிமிட்டின, டிக்கி விளக்கு ஒருபக்கம் எரிந்தது. திடீரென்று எல்லாம் ஒன்றாக அணைந்தன. கதவுப் பூட்டுகூட அசையவில்லை.

முத்துராஜைக் கூப்பிட்டார்.

"சார், பெரிய பேட்டரியில சார்ஜ் நெறைய இருக்கும். அதை எழுப்புததுக்குன்னு ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதைத்தான் தீத்துட்டிய."

"யானை நல்லாத்தான் இருக்கு, பாகன் மயங்கிட்டான்" என்றாள் ஆனந்தவள்ளி.

"அப்ப கயிறு கட்டி இழுத்துட்டு வாரேன்லே."

"ஐயோ, வேண்டாம் சார்! சக்கரம் உருண்டா மோட்டாரும் போயிரும். லாரியிலதான் ஏத்தணும். யஹ்யான்னு ஒரு டிரைவர அனுப்புதேன், பத்து நிமிசத்துல வந்துருவாரு."

குற்றாலிங்கம் ஓடைப் பாலத்தின் கட்டைச் சுவரில் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாரல் பூவாகத் தூவியது.

"அன்னைக்கும் இந்தப் பக்கந்தான் நின்னுச்சு" என்றார்.

"ஆமா. இன்னும் கொஞ்சம் தள்ளி."

"ஒன்கிட்ட ஒண்ணு சொன்னதில்ல. அன்னைக்கு பானெட்டைத் தொறந்து வச்சு அவ்வளவு நேரம் குனிஞ்சு நின்னேன்லா, ஒண்ணுமே பாக்கல. எனக்கு எஞ்சின் எது, ரேடியேட்டர் எதுன்னே தெரியாது. ஒன் மூஞ்சியப் பாக்க வெக்கம்."

ஆனந்தவள்ளி வாய்விட்டுச் சிரித்தாள். பல வருடம் கேட்காத சிரிப்பு. "இருங்க, வளைவுல ரம்புத்தான் விக்காவ, வாங்கிட்டு வாரேன்" என்று குடையோடு போனவள், திரும்பி வந்து ஒரு பழத்தை உரித்து நீட்டினாள்.

"நிறுத்தாதிய. பெறகு?"

பேசினார். பயிற்சி முகாமில் குதிரை தள்ளிவிட்டது, செங்கோட்டைச் சோதனைச் சாவடியில் மூன்று மாதம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டது. மகள் பிறந்த சேதி தேரோட்டப் பந்தோபஸ்தில் வந்தபோது, தேர்ச்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று அழுதது. இதையெல்லாம் அவளிடம் சொன்னதே இல்லை என்பது சொல்லும்போதுதான் அவருக்கே தெரிந்தது. சாரல் நின்றது, மறுபடி தூவியது. குளிக்க வந்தோம் என்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று.

இரண்டு மணி நேரம் கழித்து மீட்பு லாரி வந்து நின்றது. குற்றாலிங்கத்துக்குள் இருந்த போலீஸ்காரன் துள்ளி எழுந்தான்.

"ஏலே, இதுதான் ஒங்க ஊர்ல பத்து நிமிசமா? ஒரு பொம்பளைய எவ்வளவு நேரம்லே ரோட்டுல காக்க வைப்பிய?"

யஹ்யா லாரியிலிருந்து தலையை நீட்டினார்.

"சார், நான் அப்பவே வந்துட்டேன். வளைவுலதான் நிக்கேன். அம்மாதான் வந்து, 'முப்பத்துநாலு வருசம் கழிச்சு அவிய இப்பத்தான் வாயத் தொறந்திருக்காவ, நடுவுல வந்து கெடுத்துராதிய'ன்னு சொல்லிட்டுப் போனாவ!"