அரை நாள் விடுப்பு

"சார், நான் பஸ்ல இருக்கேன். ட்ரெயினிங்குக்குத் திருவாரூர் போய்ட்டிருக்கேன். ராத்திரி குரூப்ல மெசேஜ் போட்டிருந்தாங்களே, பார்க்கலையா?"

அனுராதா டீச்சர் இப்படிச் சொன்னபோது மணி ஒன்பது ஐந்து. தலைமையாசிரியர் பஞ்சநதம் போனைக் காதில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இருபத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அனுராதா இல்லையென்றால் அவர் பள்ளியை விட்டு நகர முடியாது. ஆனால் பதினொரு மணிக்கு அவர் வலங்கைமானில் தன் வீட்டில் இருந்தாக வேண்டும். மகள் வானதியைப் பெண் பார்க்கக் குத்தாலத்திலிருந்து வருகிறார்கள். நான்கு வரன்கள் தட்டிப்போன பிறகு, வானதியே போட்டோவைப் பார்த்து "சரிப்பா" என்று சொன்ன முதல் வரன். பேச்செல்லாம் மைத்துனரும் தரகரும் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சநதம் செய்ய வேண்டியது, சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்பது மட்டும்தான்.

வட்டாரக் கல்வி அலுவலர் துரைராசுவுக்குப் போன் போட்டார்.

"சார், அரை நாள் லீவு வேணும். மாத்து ஆள் யாரையாவது அனுப்பினீங்கன்னா..."

"பாதிப் பேரு ட்ரெயினிங்ல இருக்காங்க. யாரை அனுப்பறது? அப்படி என்ன அவசரம்?"

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், முந்தாநாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் பஞ்சநதம் முதல்முறையாக ஒரு பொய் சொன்னார்.

"வயித்துப்போக்கு சார். விடியக்காலையிலேர்ந்து."

"அடடா. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"வழக்கம்போலத்தான் சார்."

"சத்துணவு சுவைச்சுப் பார்த்தீங்களா?"

பார்த்தாரா என்றால், பார்த்தார். தினமும் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது அவர் கடமை. அதில் போய்ப் பொய் சொல்வதா?

"பார்த்தேன் சார்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பிள்ளைங்களுக்கு?" என்றார் துரைராசு. குரலே மாறியிருந்தது.

"ஐயையோ, பிள்ளைங்க நல்லா இருக்காங்க சார். சாப்பாட்டுல ஒண்ணுமில்ல. எனக்கு மட்டும்தான்..."

"நீங்க பதறாதீங்க. பள்ளியை விட்டு எங்கயும் போகாதீங்க. நான் ஹெல்த் டிபார்ட்மெண்டுக்குச் சொல்றேன்."

பஞ்சநதம் மூன்று முறை திரும்பக் கூப்பிட்டார். மூன்று முறையும் பிஸி.

ஒன்பதே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அதன் சத்தம் கேட்டு, நடவு வயலிலிருந்து பெண்கள் சேறு காயாத காலோடு ஓடி வந்தார்கள்.

"எம்புள்ளைக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. எனக்குத்தான் லேசா..."

"சாருக்கே இப்படின்னா புள்ளைங்க கதி?" என்று ஒரு பெண் அழ, அவளைப் பார்த்து இரண்டாம் வகுப்பில் நான்கு பேர் அழுதார்கள். அழுத நான்கு பேரையும் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஏறாதவர்களும் ஏற வேண்டும் என்று அழுதார்கள்.

பத்தேகாலுக்கு ஜீப்பில் சுகாதார ஆய்வாளரும் ஒரு நர்சும் வந்து இறங்கினார்கள். ஆய்வாளர் சலவை மடிப்புக் கலையாத பட்டுக்கரை வேட்டியில், கடுகடுவென்று இருந்தார். பிள்ளைகளின் வயிற்றை நர்ஸ் அழுத்திப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சநதத்துக்கு மட்டும் ஒரு லிட்டர் உப்புக் கரைசல் கலந்து கொடுத்து, முழுதும் குடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

பத்தே முக்காலுக்கு மனைவி அகிலாண்டம் போனில் வந்தாள்.

"எங்கங்க இருக்கீங்க? அவங்க கார் வந்துடுச்சு. பாதிப் பேரு இறங்கிட்டாங்க. மீதிப் பேரு பின்னால வர்றாங்களாம்."

"காபி குடு, வந்துடறேன்."

அதற்குள் துரைராசு ஆய்வாளரின் போனுக்கே பேசினார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"விசாரணை முடியறவரைக்கும் சமையல்காரம்மாவை நிறுத்தி வைக்கச் சொல்லி மேல எழுதறேன். ரிப்போர்ட் குடுங்க."

சமையல்காரம்மா வைரக்கண்ணு கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பதினாலு வருஷமா ஆக்கிப் போடறேன் சார். ஒரு புள்ள ஏப்பம் விட்டு முகம் சுளிச்சதில்ல. நீங்களே இப்படிச் சொல்லிட்டீங்களே."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

பஞ்சநதம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மனப்பாடமாகத் தெரிந்த அலுவலக நடையில் நான்கு வரி எழுதினார். 'இன்று என் மகளைப் பெண் பார்க்க வருவதால், விடுப்புப் பெறும் பொருட்டு வயிற்றுப்போக்கு எனப் பொய் கூறினேன். உணவில் யாதொரு குறையுமில்லை. சமையலர் மீது நடவடிக்கை வேண்டாம். என் மீது எடுக்கலாம்.' கீழே பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

ஆய்வாளர் படித்தார். கையெழுத்துக்கு வந்ததும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"வீடு வலங்கைமான்தானா?"

"ஆமா சார்."

தாளை நாலாக மடித்தார். ஃபைலில் வைக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாருக்கோ போன் பேச வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

"சஸ்பெண்ட்தான்" என்று பஞ்சநதம் முணுமுணுத்தார். வைரக்கண்ணு ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

ஜீப் டிரைவர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ஐயா கடுகடுன்னு இருந்ததை மனசுல வெச்சுக்காதீங்க சார். இன்னிக்கு அவருக்கு லீவு, பையனுக்குப் பொண்ணு பார்க்க வலங்கைமான் போய்ட்டிருந்தவரைப் பாதி வழியில இறக்கி இங்க கூட்டிட்டு வந்துட்டேன். பொண்ணோட அப்பாவும் ஒரு ஹெச்.எம்.தானாம், பொய்னா என்னன்னே தெரியாத மனுஷன், அதுக்காகவே இந்த சம்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டேன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு."