மூணு கல்லு சாமிக்கு நான் வைத்த தீ

எல்லாரும் சாமிக்குச் சூடம் கொளுத்துவார்கள். நான் சாமியையே கொளுத்தியவள். அதுவும் காட்டு இலாகாக்காரர்கள் ஜீப்பில் மரியாதையாக அழைத்துப் போய் இறக்கிவிட்ட இடத்தில்.

மேலே மலையில் புலிக்கென்று காட்டை ஒதுக்கிய பிறகு, வருகிறவர்கள் பார்க்க ஒரு மண்டபம் கட்டினார்கள். முதல் ரோடு எப்படி வந்தது, முதல் பங்களா எங்கே நின்றது என்று பலகை எழுதி வைக்க வேண்டுமாம். அந்தக் காலத்து ஆள் யாராவது உண்டா என்று வீரபாண்டியில் விசாரித்தபோது, டீக்கடைக்காரர் என் வீட்டைக் கைகாட்டிவிட்டார். ரோடு போட்ட கூட்டத்தில் மிச்சம் நான் ஒருத்திதான். (மிச்சம் என்பதில் பெருமை ஒன்றுமில்லை. சட்டியில் ஒட்டிக்கொண்டதும் மிச்சம்தான்.)

வீட்டுக்காரர் போய் நாலு வருசம். மகன் பழனிசெட்டிபட்டியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், போனைப் பார்ப்பான், போவான். மற்ற நாளில் என் பேச்செல்லாம் கோழியோடுதான். இப்படிப்பட்டவளை ஜீப்பில் முன்சீட்டில் உட்கார வைத்தால்? சின்னமனூர் தாண்டி மலை ஏறியதிலிருந்து நான் வாயே மூடவில்லை.

"இந்தப் பாலம் இருக்குற எடத்துல அப்ப ரெண்டு மூங்கிதான். அங்கன தெரியுதுல்ல மொட்டச் செவுரு, அதான் மொதப் பங்களா. ஓடு பூராம் கழுதை சொமந்து வந்தது."

பின்சீட்டில் வந்த காட்டு இலாகா ஆபீசரம்மாவுக்கு என் பேத்தி வயசிருக்கும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் மெதுவாக என் காரியத்துக்கு வந்தேன்.

"பலகையில எங்க வீட்டுக்காரரு பேரு வரணும்மா. இந்த ரோட்டுல பாதிப் பாறை அவுக உளியில ஒடஞ்சது."

"வைக்கலாம் பாட்டி. ஆனா ஆதாரம் வேணுமே. பழைய காகிதம், போட்டோ ஏதாவது இருக்கா?"

கல் உடைத்தவனை யார் போட்டோ பிடித்தார்கள்? நான் வாயை மூடிக்கொண்டது அப்போதுதான்.

ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கொத்துத் தழை ஒடித்துப் போட்டுக் கும்பிட்டார். "மூணு கல்லு சாமி. தழை போடாம போனா வண்டிய மறிச்சிரும்."

முழங்கால் உயரத்துக்குத் தழை காய்ந்து கிடந்தது. நடுவே மஞ்சள் பூசிய மூன்று கல். குனிந்து பார்த்தேன். இடப்பக்கத்துக் கல்லில் உளியால் வெட்டிய பள்ளம். ரோடு போட்ட காலத்தில் கஞ்சிப்பானை சரிகிறது என்று நான் புலம்பியதற்காக, வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து செதுக்கிக் கொடுத்த பள்ளம்!

"ஏலே, இது சாமியில்ல. எங்க அடுப்பு!"

டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா, சாமி குத்தம் ஆயிரும். எங்கப்பா காலத்துல இருந்து கும்பிடுறோம்."

"உங்கப்பன் அப்ப டவுசரே போடல!"

ஆபீசரம்மா சிரித்தார். "கல்லு தேஞ்சாலும் அப்படிப் பள்ளம் விழும் பாட்டி. பலகையும் எழுதி வந்தாச்சு. 'பழங்குடியினரின் தொன்மையான வழிபாட்டு இடம்'னு."

(தொன்மையாம். நான் அதில் கருவாடு சுட்டிருக்கிறேன்.)

பழைய காவல் கோபுரம் நின்ற இடத்தைப் பார்க்க எல்லாரும் மேலே நடந்தார்கள். எனக்கு முட்டி வலி. தனியாக உட்கார்ந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அடுப்பைச் சுற்றிக் கஞ்சி குடித்தவர்களில் ஒருத்தராவது இருந்தால் "ஆமா, இவ அடுப்புதான்" என்று சொல்வார்கள். யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. (அது வேலை செய்யும்போதெல்லாம் எனக்குக் கேடுதான்.) பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் காற்று நேராக உள்ளே புகும் என்று அடுப்பின் வாயைக் கீழே பார்த்து வைத்தவர் அவர். ஒரே குச்சியில் தீப் பிடிக்கும். சாமி பிடிக்குமா? அடுப்புதானே பிடிக்கும்! சுருக்குப்பையில் தீப்பெட்டி இருந்தது. நாலு சுள்ளியை உள்ளே வைத்துக் கிழித்தேன்.

ஒரே குச்சி. இத்தனை வருசம் கழித்தும் ஒரே குச்சி!

கைதட்டினேன். தட்டி முடிப்பதற்குள், ஊரே போட்ட தழையெல்லாம் பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்ததா, குப்பென்று ஆள் உயரத்துக்கு எழும்பியது.

"ஐயோ, சாமி எரியுது!" என்று டிரைவர் ஓடி வந்தார்.

"ஐயோ, காடு எரியுது!" என்று ஆபீசரம்மா ஓடி வந்தார்.

"அடுப்பு எரியுது, பாத்தீகளா!" என்றேன் நான்.

பச்சைக் கிளையால் அடித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி அணைத்தார்கள். ஒரு கட்டில் அகலத்துக்குப் புல்லும், என் சேலையில் ஒரு முழமும் போயின. மூன்று கல்லும் பழையபடி கன்னங்கரேலென்று ஆகிவிட்டன. எனக்கு அடையாளம் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

புலி இருக்கும் காட்டில் தீ வைப்பது பெரிய குற்றமாம். ஆபீசுக்குக் கூட்டிப் போய் ஒரு தாளை நீட்டினார்கள். கிளார்க் மைப்பெட்டியைத் திறந்தார்.

"கைநாட்டெல்லாம் வேணாம். எனக்கு எழுத்துத் தெரியும்" என்றேன். முதியோர் பள்ளியில் படித்த எழுத்து. என் பேரை எழுதி முடிப்பதற்குள் கிளார்க் டீ குடித்து முடித்துவிட்டார்.

"கணவர் பேரு?"

கட்டின நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பேர். பேனாவைத் திரும்ப வாங்கினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதினேன். ஆபீசரம்மா அதைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, தாளைக் கேஸ் கட்டோடு சேர்த்துக் கட்டினார்.

பலகையில் இன்றைக்கும் தொன்மைதான் இருக்கிறது. மகன் வீட்டுக்குப் போனால், விளக்கேற்றும்போதெல்லாம் மருமகள், "அத்தை கையில தீப்பெட்டி குடுக்காதீக" என்பாள். மகன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்: "அவனவன் அப்பன் பேரு பத்திரத்துல இருக்கும். எங்கப்பா பேரு கேஸ் கட்டுல இருக்கு."

சிரிக்கட்டும். இருக்குல்ல? (என்ன பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். மலை ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.)