கோர்னேயின் இடது பூட்ஸ்

"எனக்குப் பணிவு இல்லையாமா? எனக்கா?"

எசென் கோப்பையை மேஜைமேல் வைத்த வேகத்தில் பாதி டீ விரிப்பில் கொட்டியது.

"மெதுவா வைங்க. விரிப்பு இப்பத்தான் துவைச்சது" என்றாள் அவன் மனைவி ஜிபார்.

"விரிப்பு கிடக்கட்டும். அந்த ஆளு என்ன சொன்னான்னு திரும்பச் சொல்லு."

"ரொட்டி அடுப்புகிட்ட அகனேதா அக்கா சொன்னாங்க. நாளைக்குக் கால் கழுவுற ஆராதனையில அவங்க வீட்டுக்காரர் கோர்னேய் அண்ணன்தான் மறுபடியும் உங்க காலைக் கழுவப் போறாராம். 'எசெனுக்கு அடுத்தவன் முன்னால குனியத் தெரியாது, பாவம், நான்தான் குனிஞ்சு காட்டணும்'னு சொன்னாராம்."

"பாவமாமா!"

கோபம் வராமல் என்ன செய்யும்? தலாஸ் பள்ளத்தாக்கில் அவர்களுடையது சின்னச் சபை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்து. அதற்கு முன்னால் ஆண்கள் ஒரு அறையிலும் பெண்கள் ஒரு அறையிலுமாக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். மனஸ்தாபம் உள்ளவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போய்க் கழுவ வேண்டும். கழுவாமல் அப்பத்தில் கை வைக்கக் கூடாது.

பக்கத்து வயல்காரர் கோர்னேய், கோடையில் எசெனின் பீன்ஸுக்குத் தண்ணீர் முறை வந்த அன்று வாய்க்கால் பலகையைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். கேட்டதற்கு மாடு தட்டியிருக்கும் என்றார். அப்பேர்ப்பட்ட மனுஷன் போன தடவை எல்லோருக்கும் முன்னால் தடாலென்று மண்டியிட்டு எசெனின் காலைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கென்று எசெனின் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. சபையே கண் கலங்கியது. 'கோர்னேய் சகோதரருக்கு என்ன தாழ்மை, என்ன தாழ்மை!' தண்ணீரை எடுத்தவருக்குத் தாழ்மைப் பட்டம். தண்ணீர் போனவனுக்கு ஓட்டைக் காலுறை.

"நாளைக்கு நான் கழுவறேன் அந்த ஆளு காலை. தோல் உரியிற வரைக்கும் கழுவறேன்."

"அதுக்குப் பேரு கால் கழுவுறதா, பழி வாங்குறதா?"

"தாழ்மைடி! தாழ்மை!"

மறுநாள் ஜெபவீட்டைத் திறந்ததே எசென்தான். மகன் கல்யாணச் சீருக்கென்று ஜிபார் பெட்டியில் வைத்திருந்த புதுத் துண்டு அவன் தோளில் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. அடுப்பை மூட்டினான், தண்ணீரைச் சுட வைத்தான், இருப்பதிலேயே பெரிய பேசினைத் தேடி எடுத்தான்.

ஒவ்வொருவராக வந்து பூட்ஸைக் கழற்றினார்கள். கோர்னேய் கடைசியாக வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டே நுழைந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் துண்டு இல்லை. தடித்த கம்பளி பூட்ஸ் காலிலேயே இருந்தது.

எசென் பேசினைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் மண்டியிட்டான். ஒரு கிழவர் இப்போதே மூக்கைச் சிந்தத் தொடங்கிவிட்டார்.

"கால் குடுங்கண்ணே."

"இன்னிக்கு எனக்கு வேண்டாம் எசென். சளி பிடிச்சிருக்கு."

"சளி மூக்குலதானே? கால்ல இல்லையே?"

"வேண்டாம்னா விடேன்."

எசெனுக்குச் சுர்ரென்றது. ஓகோ, இதுதான் புதுத் தந்திரமா! கழுவ விடாமலே ஜெயிக்கப் பார்க்கிறார். இவர் காலை நீட்டாவிட்டால் திருவிருந்தில் எசென் கை வைக்க முடியாது. மன்னிக்கத் தெரியாதவன் என்று ஊர் முழுக்கப் பேசும்.

பாஸ்டர் மராத் ஓடி வந்தார். சண்டை என்றாலே ஆகாத மனிதர். "எசென் சகோதரரே, அவரை விட்டுடுங்க. வாங்க, என் காலைக் கழுவுங்க."

"உங்களுக்கும் எனக்கும் என்ன பாஸ்டர் தகராறு? வாய்க்காலா, வரப்பா?"

"சரி, சரி. எல்லாரும் முழங்கால்ல நிப்போம். கர்த்தர் இருதயங்களை இளக்கட்டும்."

எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். பாஸ்டர் ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்தார். எசென் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். கோர்னேய் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெபத்துக்குக்கூட முழங்கால் மடங்கவில்லை! தேவனுக்கு முன்னாலேயே இந்தத் திமிரா?

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிப் போயிற்று. எசென் அடுப்பிலிருந்து கொதிக்கும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, கோர்னேயை முறைத்தபடியே வந்தான். முறைக்கிற கண்ணுக்குத் தரை தெரியுமா? யாரோ கழற்றி வைத்த பூட்ஸில் கால் தட்டியது. கெட்டில் சாய்ந்தது. பாஸ்டரின் வெறுங்காலில் வெந்நீர் விழுந்தது.

"கர்த்தாவே!" என்று பாஸ்டர் அலறியதில் அன்றைய ஜெபத்தில் இல்லாத ஊக்கம் இருந்தது.

அவர் ஒற்றைக் காலில் குதித்தார். அவரைப் பிடிக்கப் போனவர் பேசினை உதைத்தார். அறை முழுக்கத் தண்ணீர். ஒரு சகோதரர் அன்பு மிகுதியால் எசெனின் தோளிலிருந்த கல்யாணத் துண்டை உருவித் தரையைத் துடைத்தார். சத்தம் கேட்டுப் பெண்கள் கதவருகே கூடிவிட்டார்கள்.

"அது என்னோட துண்டுதானே?" என்றாள் ஜிபார்.

எசெனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் போயிற்று, துண்டு போயிற்று, பாஸ்டர் கால் போயிற்று. எல்லாம் யாரால்? பாய்ந்து போய் கோர்னேயின் இடது பூட்ஸை இரண்டு கையாலும் பிடித்தான்.

"விடுறா எசென்! கர்த்தர் நாமத்துல சொல்றேன், விடு!"

"கர்த்தர் நாமத்துலதான் இழுக்கிறேன்!"

"எனக்குக் கோபம் வரும்!"

"எனக்கு வந்து ரொம்ப நேரமாச்சு!"

பெஞ்ச் கவிழ்ந்தது. கோர்னேய் போட்ட கூச்சலில் வெளியே கட்டியிருந்த குதிரை கனைத்தது. பூட்ஸ் எசென் கையோடு வந்துவிட்டது.

முதலில் நாற்றம் வந்தது. அப்புறம்தான் எல்லோரும் பார்த்தார்கள். காலைச் சுற்றிப் பழைய துணி. துணியை மீறி வீங்கிய பாதம். விரல்கள் கறுத்துப் போயிருந்தன.

எசென் கையில் பூட்ஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்ல. உருளைக்கிழங்கு தோண்டறப்ப மண் கிளறுற கவைக்கம்பி குத்திருச்சு. சர்க்கரை உடம்பு, ஆற மாட்டேங்குது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லி?" கோர்னேய் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "என் அண்ணன் தம்பியெல்லாம் பூர்வீகம்னு ஜெர்மனிக்குப் போயாச்சு. இங்க யாரு என்னைச் சுமப்பா? நான் யாருக்கும் பாரமா இருந்ததில்ல. இனிமேலும் இருக்க மாட்டேன்."

இதைக் கேட்டதும் எசெனுக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கால் தகராறெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாயிற்று.

"பாரமா இருக்க மாட்டீங்களா? அன்னிக்கு ஓட்டைக் காலுறையோட நான் காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே, எனக்குக் கூசலையா? நீங்க மட்டும் எல்லாருக்கும் செய்வீங்க, உங்களுக்கு யாரும் செய்யக் கூடாதா? என்ன பெரிய மனுஷத்தனம் இது! ஏறுங்க முதுகுல!"

"மாட்டேன்."

"ஏறுங்கன்னா!"

ஏற்றினார்கள். பாஸ்டரின் பழைய கார் வழக்கம்போலக் கிளம்ப மறுத்தது. சபையின் ஆண்கள் பாதிப்பேர் பூட்ஸ் போடக்கூட மறந்து, உறைந்த சேற்றில் வெறுங்காலோடு காரைத் தள்ளினார்கள். ஜிபார் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், தன் சால்வையைக் கழற்றிக் கோர்னேயின் காலைச் சுற்றினாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும், ஆளே போயிருக்கலாம் என்றார் டாக்டர். கோர்னேயின் மாடுகளையும் அடுப்பு விறகையும் சபையார் பங்கு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

தள்ளிப்போன திருவிருந்தைப் பாஸ்டர் வார்டுக்கே கொண்டு வந்தார், ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் கட்டுமாக. எசென் ஆஸ்பத்திரித் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கோர்னேயின் வலது காலை மெதுவாகக் கழுவினான். தோல் உரியவில்லை.

"அந்தப் பலகையைத் திருப்பினது மாடு இல்ல" என்றார் கோர்னேய்.

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

இரண்டு பேரும் அழுதார்கள். எசென் தாங்க முடியாமல் வராந்தாவுக்கு வந்துவிட்டான். அங்கே கோர்னேயின் மனைவி அகனேதா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்கக்கா" என்றான். "எனக்குக் குனியத் தெரியாதுன்னு அண்ணன் சொன்னாருன்னதும் கண்ணு மண்ணு தெரியல. அந்த வெறியிலதான் பூட்ஸை அப்படி இழுத்துட்டேன்."

அகனேதா கோப்பையை அவன் கையில் கொடுத்தாள்.

"அவரு அப்படி எங்க சொன்னாரு தம்பி? கெஞ்சிப் பாத்தேன், அழுது பாத்தேன், அந்த பூட்ஸைக் கழட்டவே மாட்டேன்னுட்டாரு. நம்ம சபையில அன்பாக் கேக்கறவங்க நிறைய பேரு இருக்காங்க, கோபத்துல இழுக்கிறதுக்கு உங்களை விட்டா ஆளில்லைன்னு நான்தான் ஜிபார்கிட்ட அப்படிச் சொல்லி வெச்சேன்."