சுலைகா கருக்கிய நெல்

நன்றாக வெந்த சோற்றுக்குச் சரித்திரம் கிடையாது, சாப்பிட்டுவிடுவார்கள். கருகியதுதான் மக்காமல் மண்ணுக்குள் கிடக்கும். அறுபதுகளில் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் கற்ற ஒரே உருப்படியான பாடம் இது. (அதையும் மனைவியின் மானத்தை அடகு வைத்துத்தான் கற்றேன்.)

எங்கள் பேராசிரியர் கடலூர்ப் பக்கம் ஒரு மேட்டைத் தோண்டியபோது, பழைய பானைக்குள் கருகிய நெல் கிடைத்தது. அந்தக் காலத்தவர்கள் நெல்லை அவித்துக் காயவைத்தார்களா, பச்சையாகவே குத்தினார்களா? இன்றைய நெல்லை இரண்டு விதமாகவும் பக்குவம் செய்து, கருக்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியலாம் என்றார். "நான் செய்றேன் சார்" என்று முந்திரிக்கொட்டையாக முன்னால் நின்றேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில வாரங்கள்தான். வேலையை அப்படியே சுலைகாவின் தலையில் கட்டினேன்.

"மச்சான், எங்க வூட்ல சோறு லேசா அடிப்புடிச்சாலே அத்தா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவாங்க. நீங்க கருக்கச் சொல்லிக் கேக்குறீங்களே!"

சிரித்துக்கொண்டே சட்டி சட்டியாகக் கருக்கினாள். தெரு முழுக்கத் தீய்ந்த வாடை. அந்த நேரம் பார்த்து, மகள் கையால் முதல் விருந்து சாப்பிட மஞ்சக்குப்பத்திலிருந்து மாமா வந்து இறங்கினார். வருவதாக என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் அவளிடம் சொல்ல மறந்திருந்தேன். (நெல் நினைவில் இருந்தது.)

"ஒங்க பொண்ணு தெனமும் கருக்குது பாய்" என்று பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே வரவேற்புரை வாசித்துவிட்டார். மாமா அடுப்படியை எட்டிப் பார்த்தார். எல்லாச் சட்டியும் கறுப்பு.

"சோறாக்கப் பழகுற வரைக்கும் அவ அம்மாகிட்ட இருக்கட்டும். கூட்டிக்கிட்டுப் போறேன்."

சுலைகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் தீப்பெட்டியில் வைத்திருந்த பழைய நெல்லை எடுத்து நீட்டினேன்.

"எல்லாம் இதுக்காகத்தான் மாமா. இது ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி கருகினது."

மாமா அதை வெகுநேரம் பார்த்தார். "எவளோ ஒருத்தி ஒரு நாளு கருக்குனத இன்னமும் தோண்டி எடுத்துப் பாக்குறீங்களா? அப்ப எம்பொண்ண எந்தக் காலத்துல வுடுவீங்க?"

அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் வாடை மட்டும் இருந்தது. நெல்லை நெல்லோடு ஒப்பிட உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. அவளைத் தேடியது மனசு. கடைசியில் மஞ்சக்குப்பம் போய், மாமா வீட்டுக் கொல்லையில், அவர் கண் முன்னால் நானே ஒரு சட்டி நெல்லைக் கருக்கிக் காட்டித்தான் மீட்டு வந்தேன். "கிறுக்கு எம்பொண்ணுக்கு இல்ல, மாப்ளைக்குத்தான்" என்று நிம்மதியாக அனுப்பிவைத்தார்.

இப்போது சுலைகா இல்லை. எத்தனையோ வருஷம் அவள் ஆக்கிப் போட்ட நெய்ச்சோற்றையும் மீன் ஆணத்தையும் பற்றி வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை. எது அடிப்பிடித்தாலும் "ஆராய்ச்சி நடக்குது!" என்று பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள்.

போன வாரம் பால் தீய்ந்துவிட்டது. மருமகள் ஜன்னலைத் திறக்கப் போனாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றேன்.