சோதனைச்சாவடியில் அவிழ்ந்த வயிற்றுக்கட்டு

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இனி அதை ஒளித்துப் பிரயோசனமில்லை. பிறத்தியாரின் வீட்டையோ நகையையோ பார்த்து வந்த பொறாமை என்றால் சொல்லிக்கொள்ள ஒரு மரியாதையாவது இருக்கும். நான் பொறாமைப்பட்டது என் கணவரின் அக்கா பூமணி மச்சாளின் தும்மலைப் பார்த்து.

மச்சாள் தும்மினால் முற்றத்துக் கோழிகள் பறக்கும். தும்மி முடிய மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மா இடிப்பார். மூன்று பிள்ளை பெற்றவர். நான் பெற்றது இரண்டே இரண்டு. ஆனால் இரண்டாவதுக்குப் பிறகு தும்மினால், இருமினால், யாராவது பகிடி விட்டுச் சிரித்தால் எனக்குச் சலம், அதுதான் சிறுநீர், சொட்டும் (கொஞ்சந்தான். கொஞ்சம் என்பது சேலைக்குத் தெரியாதே). எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. செத்தாலும் இது மச்சாளுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் என் வாழ்க்கை இலட்சியம்.

செட்டிபாளையத்தில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக் நடக்கும். ஒருநாள் அங்கே மிட்வைஃப் தாய்மாரை இருத்தி ஒரு பயிற்சி சொல்லித் தந்தார்.

"சலம் போகக்குள்ள நடுவில நிப்பாட்டுறமாதிரி நினைச்சி, கீழ உள்ள தசைய உள்ளுக்கு இழுங்க. அஞ்சு எண்ணிட்டு விடுங்க. மூச்சப் புடிக்கப்படா. வயித்த எக்கப்படா."

நான் கேட்டது பாதி. மீதி நேரம் பக்கத்திலிருந்த மச்சாளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பெற்ற வயிறா அது? தட்டையாக இருந்தது. விசயமே வயிற்றில்தான் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். (மிட்வைஃபுக்கு என்ன தெரியும்.)

பிள்ளை பெற்றவளுக்குத் துணியால் வயிறு கட்டுகிற வழக்கம் எங்களிடம் உண்டு. கொஞ்ச நாளில் அவிழ்த்துவிடுவார்கள். நான் இரண்டு வருடம் கழித்து மறுபடி கட்டத் தொடங்கினேன். பழைய வாயில் சேலையை நீளமாகக் கிழித்து ஏழு முழத்தையும் இறுக்கிச் சுற்றி, மூச்சைப் பிடித்து, வயிற்றை முதுகெலும்பு வரைக்கும் எக்குவேன். ஒரு நாளைக்கு ஐம்பது தரம். மூன்று மாதத்தில் வயிறு வற்றியதோ இல்லையோ, சொட்டு கூடியது. பற்பசைக் குழாயை நடுவில் அமத்தினால் பசை எந்தப் பக்கம் வரும் என்று என் மூத்த பிள்ளைக்கே தெரியும். எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் மட்டக்களப்பு டவுணில் ஒரு கலியாணம். மச்சாளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமே என்று அன்றைக்குக் கூடுதலாகவே இறுக்கிக் கட்டினேன்.

யுத்த காலம். பாலத்துக்கு முன்னால் இராணுவச் சோதனைச்சாவடி, எங்கள் பேச்சில் சென்றி. அங்கே பஸ் நிற்கும். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு லைனில் போகவேண்டும். பெண்களைத் தகரக் கொட்டிலுக்குள் எடுத்துத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். எனக்கோ முட்டிக்கொண்டு வந்தது. முன்னால் நின்ற மச்சாளின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு சாந்தம். அதையும் பார்த்து வயிறெரிந்தேன்.

மச்சாள் சோதனை முடிந்து வெளியே போக, நான் உள்ளே போனேன். பெண் சிப்பாயின் கை என் இடுப்பில் நின்றுவிட்டது.

"இது என்ன?"

"துணி."

"உள்ள என்ன?"

"வயிறு."

அவள் இரண்டடி பின்னால் போய் யாரையோ கூப்பிட்டாள். இன்னொருத்தி துவக்கை என் பக்கம் நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அந்தக் காலத்தில் இடுப்பைச் சுற்றித் தடிப்பாக எதையாவது கட்டிக்கொண்டு வருகிறவளை என்னவென்று நினைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். பிள்ளைகள் இரண்டும் வீட்டில். பயத்தில் என் கை முடிச்சை அவிழ்க்க மாட்டேன் என்றது.

"கூட வந்த ஆள் யார்?"

யார், மச்சாள்தான். என் இரகசியம் யாருக்குத் தெரியக்கூடாது என்று தவம் கிடந்தேனோ, அவரே உள்ளே வந்து முடிச்சை அவிழ்த்து, துணியின் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் பம்பரமாகச் சுற்றினேன். துவக்குக்கு முன்னால் ஏழு முழம் மிக நீளமானது. கடைசிச் சுற்றும் போக, உள்ளே வெறும் வயிற்றைக் கண்ட சிப்பாய் மூச்சு விட்டாள். மூன்று மாதமாகப் பிடித்த மூச்சை நானும் விட்டேன். மூச்சோடு எல்லாம் போனது. சொட்டு இல்லை, வாய்க்கால். நல்லவேளை, கீழே மணல்.

சிப்பாய் நிலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா, பேபி எத்தனை?"

இரண்டு விரலைக் காட்டினேன். அவள் துவக்குக்காரியையும் அனுப்பிவிட்டுத் தகரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மச்சாள் தன் கைப்பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தார்.

"இந்தாகா, இத வை."

"இது உங்களுக்கு எதுக்கு மச்சாள்?"

"எனக்கும் மூத்தவன் பொறந்ததிலிருந்து போறதுதான் புள்ள. இப்ப இல்ல. சும்மா கொண்டு திரியிற."

ஓரம் தைத்து, தோய்த்து மடித்த, தேவைப்படாத துணி. அந்த நிலையிலும் அதைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது.

பாலத்தில் நடக்கும்போது கேட்டேன்.

"எப்பிடி மச்சாள் நிண்டது?"

"மிட்வைஃப் சொன்னதச் செஞ்சநான். வீட்டில எங்க நேரம்? இந்த லைன்ல நிக்கக்குள்ளதான் செய்யிற. ஆருக்கும் தெரியா."

அந்தச் சாந்த முகம் கணக்கு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது! அதே லைனில் அதே மணித்தியாலங்கள் நானும் நின்றேன், மச்சாளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு.

கலியாணம் முடிந்து திரும்புகையில், அதே லைனில் நானும் தொடங்கினேன். வயிற்றை விட்டு, மூச்சை விட்டு, கீழே மட்டும். நாலைந்து மாதத்தில் பயமில்லாமல் தும்மினேன்.

சண்டை முடிந்து அந்த லைன்களும் போயின. இப்போது பாங்கிலோ மருந்துக்கடையிலோ நான் பேச்சில்லாமல் நின்றால் என் மகள், "அம்மா சென்றியில நிக்கிறா, கதை குடுக்காதீங்க" என்று பக்கத்திலிருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறாள். போன மாதம் ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் மச்சாள். எழுபது வயது.

"எத்தின?" என்று காதுக்குள் கேட்டார்.

நான் இருபதில் நின்றேன். "நாப்பது" என்றேன்.

"நான் அறுவது முடிச்சிட்டன்."

பொய்யாகத்தான் இருக்கவேண்டும்.