சூப்பர் ஆர்னிகாவின் எட்டாவது படம்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்கள் அவற்றுக்கு ஒரு சங்கம் வைக்கத் தவறிவிட்டார்கள். மடக்குக் கேமராவுக்கு அந்தக் கதி நேரவில்லை. 'சூப்பர் ஆர்னிகா' என்னும் மடக்குக் கேமராவின் புகழைக் காக்க, தென்ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் ஒன்பது பெருமக்கள் மாதந்தோறும் பீர் கடையின் பின்னறையில் கூடி, உருளைக்கிழங்கு சாலட் சாட்சியாக அரும்பாடுபட்டு வந்தார்கள்.

அவர்களது ஆராய்ச்சி 'வகைகள்' பற்றியது. கேமரா ஒன்றுதான். ஆனால் ஓர் ஆண்டு திருகாணியின் தலை தட்டையாக இருந்தது, மறு ஆண்டு உருண்டையாக வந்தது. பாமரர்கள் அதைத் திருகாணி என்பார்கள். சங்கத்தார் 'வகை மூன்று, ஆ' என்பார்கள். இந்தத் தலை விஷயத்தில் கருத்து வேறுபட்டு இரண்டு உறுப்பினர்கள் சம்பந்தி உறவையே முறித்துக்கொண்டார்கள் என்றால் ஆராய்ச்சியின் ஆழம் விளங்கும். பிலிம் போட்டுப் படம் எடுப்பது போன்ற முரட்டுத்தனங்களுக்குச் சங்கத்தில் இடமில்லை.

செயலாளர் வோல்ஃப்ராமின் மனைவி கெர்லிண்டேவுக்கு மட்டும் இந்த ஆழம் பிடிபடவில்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன் தேனிலவுக்குப் போடன் ஏரிக்குப் போனபோது, வோல்ஃப்ராம் தம் சூப்பர் ஆர்னிகாவில் அவளை ஏழு படம் எடுத்தார். சுருளில் எட்டுப் படம் பிடிக்கும். எட்டாவதுக்குத் தகுதியான காட்சி அமையட்டும் என்று காத்திருந்தார். இன்னும் காத்திருக்கிறார். பிலிமும் உள்ளேயே இருக்கிறது.

அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிந்தோம் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கெர்லிண்டேவின் ஆசை அவ்வளவுதான். வருடம் ஏற ஏற அது ஏக்கமாகவே ஆகிவிட்டது.

"அந்த ஒரு படத்தை எடுத்துத் தொலையேன், வோல்ஃப்ராம். பூனை சும்மாதானே படுத்திருக்கு, அதை எடு."

"பூனையா! எட்டாவது படம் கெர்லிண்டே, எட்டாவது!"

"சரி, என்னை எடு."

"உன்னைத்தான் ஏற்கெனவே எடுத்தாச்சே."

விவகாரம் சங்கத்துக்குப் போனது. தலைவர் டாக்டர் புக்ஹோல்ஸ், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், உணர்ச்சியில் குரல் நடுங்க எழுந்தார்.

"அம்மா, முடிக்காத பிலிமோட இருக்கிற சூப்பர் ஆர்னிகா உலகத்துலயே இது ஒண்ணுதான். இது தனி வகை. வகை ஏழு! திறந்தா வகையே அழிஞ்சுபோயிடும்."

"உள்ளே இருக்கிறது நான், டாக்டர்."

"அதனாலதாம்மா இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம்."

வாக்கெடுப்பு நடந்தது. ஒன்பது கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது வோல்ஃப்ராமின் கை. கேமராவைத் திறக்கக் கூடாது என்றும், மனைவியின் 'உணர்வுகளை மதித்து' ஆண்டுவிழாவன்று வெள்ளைக் கையுறை அணிந்து அதைச் சற்று நேரம் அவள் ஏந்தியிருக்கலாம் என்றும் தீர்மானம் நிறைவேறியது.

ஆண்டுவிழா வந்தது. கையுறை அணிந்த கெர்லிண்டேவிடம் கேமராவை ஒப்படைத்துவிட்டு, புதிதாகக் கிடைத்த ஒரு திருகாணியின்மேல் ஒன்பது பேரும் பூதக்கண்ணாடியோடு கவிழ்ந்தார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள். மூடி திறந்து, மடிப்பு மடிப்பான தோல் துருத்தி நீண்டு, லென்ஸ் முன்னே வந்து நின்றது. சிறு ஜன்னலில் கண்ணை வைத்தாள். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகச் சேரும்வரை சக்கரத்தைத் திருப்பினால் படம் தெளிவாக விழும். அவள் திருப்பினாள்.

க்ளிக்.

"ஐயோ! என்ன பண்ணித் தொலைச்சே?" என்று வோல்ஃப்ராம் அலறினார்.

"தகுதியான காட்சி அமைஞ்சுது" என்றாள் கெர்லிண்டே, சுருளைக் கடைசிவரை சுற்றிக்கொண்டே.

வகை ஏழு காலமானது. ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில், சங்க வரலாற்றில் முதல்முறையாக, புகைப்படங்கள் வந்து சேர்ந்தன. ஏரிக்கரை பெஞ்சில் ஒரு பெண். அவள் மடியில் இன்னொரு சூப்பர் ஆர்னிகா. தேனிலவுக்கு இரண்டு கேமரா கொண்டுபோன மனிதர், ஒன்றை அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஏழு படத்திலும் அதன் திருகாணி கூர்மையாக மின்னியது. அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், வெளுத்துக் கலங்கிய ஏதோ ஒன்று.

"உருண்டைத் தலையில கோடு இருக்கு பாருங்க! இது வகை மூன்று 'ஆ' இல்லே, 'இ'!" டாக்டர் புக்ஹோல்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் முகம் எங்கே வோல்ஃப்ராம்?"

"பின்னாலதான் இருக்கே. கேமரா மேல தப்பே இல்லே கெர்லிண்டே. எதைப் பார்த்து சக்கரத்தைத் திருப்பினேனோ அது அப்படியே தெளிவா விழுந்திருக்கு!"

சொல்லிவிட்டு, சங்கத்தின் வகைப் பட்டியலுக்காகப் படத்தின் கீழே எழுதினார்: 'வகை மூன்று, இ. பின்னணி: அடையாளம் தெரியவில்லை.'

முப்பத்தொரு வருடமாகக் கெர்லிண்டே கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அழவில்லை. கைப்பையிலிருந்து எட்டாவது படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். குனிந்த ஒன்பது வழுக்கைத் தலைகள். ஒவ்வொரு முடியையும் எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. கீழே அவள் கையெழுத்தில் ஒரு குறிப்பு.

"சங்கத்து முறைப்படியே எழுதியிருக்கீங்களேம்மா!" என்று டாக்டர் நெகிழ்ந்தார். படிக்காமலே பட்டியலில் சேர்க்க எல்லோரும் ஏகமனதாகத் தீர்மானிக்க, அவர் செயலாளரை வாசிக்கச் சொன்னார்.

வோல்ஃப்ராம் எழுந்து, தொண்டையைக் கனைத்து, கம்பீரமாக வாசித்தார்:

"உருப்படிகள் ஒன்பது. எல்லாம் ஒரே வகை. மாறுபாடு எதுவும் இல்லை. தோல் சுருங்கி, துருத்தி தளர்ந்துள்ளது. உள்ளே பிலிம் இல்லை. எப்போதும் இருந்ததாகத் தெரியவில்லை."